பழைய காலத்து மருந்துக் களிமண் நிஜமாவே கிருமிய கொல்லுமா? அம்மா கால் புண்ணுக்கு பத்து போடச் சொல்றாங்க

யீஷூன் கயல்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க. எங்கம்மாவுக்கு 64 வயசு, ரொம்ப வருஷமா சக்கரை இருக்கு. புது செருப்பு கடிச்சு வலது கால் சுண்டு விரலுக்கு கீழ ஒரு புண்ணு வந்துச்சு, அஞ்சு காசு அளவு தான், ஆனா ஆறவே மாட்டேங்குது. ஓரத்துல தோல் வெள்ளையா தடிச்சிருக்கு, நடுவுல எப்பவும் ஈரமா இருக்கு, வலி மட்டும் சுத்தமா இல்லைங்கறாங்க. பட்டுக்கோட்டைலேர்ந்து மாமா போன் பண்ணி புத்துமண்ண கொழைச்சு பத்து போடு, ரெண்டே நாள்ல காய்ஞ்சுடும், நம்ம முன்னோருங்க இதத்தான் செஞ்சாங்கன்னு சொல்றாரு. அம்மாவும் அதுக்கு ரெடியா இருக்காங்க, ஊர்லேர்ந்து வந்த சொந்தக்காரங்க கிட்ட ஒரு பொட்டலம் மண்ணே வந்துடுச்சு, இப்ப சாமி அலமாரிக்குப் பக்கத்துல இருக்கு.

நான் வேணாம்னு சொன்னதுக்கு குடும்ப வாட்ஸாப் குரூப்ல ஒரு மெசேஜ் வந்து விழுந்துச்சு, கனடாவுல ஒரு களிமண்ணு மருந்தே கேக்காத 16 கிருமிய கொன்னுடுச்சாம், கிரேக்க நாட்டுலயும் எகிப்துலயும் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடியே களிமண்ண மருந்தா குடுத்தாங்களாம். இது உண்மையா பொய்யா? உண்மைன்னா நம்ம மண்ணும் அப்படி வேல செய்யுமா? சும்மா மூடநம்பிக்கைன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடாதீங்க, அம்மாகிட்ட காரணத்தோட சொல்லணும், அவங்க ரிட்டையர்டு டீச்சர், காரணம் இல்லாம எதையும் ஒத்துக்க மாட்டாங்க.

ஆய்வகச் செல்வன்:
கயல், நல்லா கேட்டீங்க. நான் மைக்ரோபயாலஜி லேப்ல வேல பாக்குறவன், இந்த விஷயத்த ரொம்ப ஆர்வமா படிச்சிட்டு வர்றேன், அதனால நீளமா எழுதுறேன், அம்மாவுக்கு அப்படியே படிச்சுக் காட்டுங்க.

அந்த வாட்ஸாப் மெசேஜ் பொய் இல்ல. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா கடற்கரைல கிஸமீட்னு ஒரு விரிகுடா இருக்கு, வான்கூவர்லேர்ந்து வடக்க சுமார் 400 கிலோமீட்டர். அங்க ஹெய்ல்ட்சுக்னு ஒரு பூர்வகுடி மக்கள், அந்தக் களிமண்ண தலைமுறை தலைமுறையா வயித்துப்புண், மூட்டுவலி, தோல் எரிச்சல், தீக்காயம்னு எல்லாத்துக்கும் பயன்படுத்தியிருக்காங்க. 2016-ல பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளருங்க அந்தக் களிமண்ண தண்ணில கரைச்சு, ஆஸ்பத்திரில தொல்ல குடுக்கற, பல மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவுல 16 வகைய எடுத்து சோதிச்சாங்க, செத்துச்சு. ஆனா அது சோதனைக்குழாய்ல நடந்தது. மனுஷன் புண்ணுல வச்சு பாத்தது இல்ல. ஃபார்வர்டு பண்றவங்க விட்டுட்டுப் போற இடம் இதுதான்.

இதுக்கு முன்னாடியே ஒரு பெரிய கத இருக்கு. மேற்கு ஆப்பிரிக்காவுல ஐவரி கோஸ்ட்ல புருலி அல்சர்னு ஒரு கொடூரமான புண்ணு, காசநோய் கிருமியோட குடும்பத்து பாக்டீரியா ஒண்ணால வர்றது அது, தோலயும் கொழுப்பயும் தின்னுட்டே போகும். அங்க லின் புருனே த கூர்சூன்னு ஒரு பிரெஞ்சு அம்மா, பிரான்ஸ்லேர்ந்து கொண்டு போன பச்சைக் களிமண்ண தினமும் பத்து போட்டு மாசக்கணக்குல வைத்தியம் பாத்தாங்க, நெறைய பேருக்கு ஆறுச்சு. அத உலக சுகாதார நிறுவனத்துக்கு ரிப்போர்ட் பண்ணாங்க. அதுக்கப்பறம் தான் அமெரிக்காவுல அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல லிண்டா வில்லியம்ஸ், ஷெல்லி ஹேடல்னு ரெண்டு பேரு, ஒருத்தர் மண்ணு ஆளு, இன்னொருத்தர் கிருமி ஆளு, சேர்ந்து அந்த மண்ண ஆராய்ச்சி பண்ணாங்க.

இப்ப தான் முக்கியமான விஷயமே. அவங்க கைல ரெண்டு பிரெஞ்சு களிமண்ணு இருந்துச்சு, ரெண்டும் பச்சை, ரெண்டுலயும் இருக்கற கனிமங்களும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். 2008-ல வந்த முடிவு என்னன்னா, ஒண்ணு ஈகோலை, சால்மோனெல்லா, சூடோமோனாஸ்னு நோய் குடுக்கற பாக்டீரியா எல்லாத்தயும் கொன்னுச்சு, பல ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏங்கற பாக்டீரியாவ கூட அடக்குச்சு. இன்னொண்ணு கொல்லவே இல்ல, சில பாக்டீரியா அதுல இன்னும் நல்லா வளர ஆரம்பிச்சுடுச்சு! ஒரே நெறம், ஒரே வழவழப்பு, கண்ணால பாத்தா வித்தியாசமே தெரியாது, ஒண்ணு மருந்து, ஒண்ணு கிருமிக்கு சோறு. உங்க சாமி அலமாரி பக்கத்துல இருக்கற பொட்டலம் இதுல எந்த வகைன்னு மாமாவால சொல்ல முடியுமா? என்னாலயும் லேப் இல்லாம முடியாது.

எப்படி கொல்லுதுங்கறதயும் சொல்லிடுறேன். அமெரிக்காவுல ஆரகன் மாநிலத்துல ஒரு நீலக் களிமண்ணு கிடைக்குது, எரிமலை வெந்நீர்ல ஊறி உருவான மண்ணு. அதுல பைரைட்டுனு சொல்ற இரும்பு கந்தகக் கல்லு பொடிப்பொடியா இருக்கு. தண்ணி பட்டதும் அது கரைஞ்சு அமிலமா மாறி, இரும்பையும் அலுமினியத்தையும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடும். அலுமினியம் பாக்டீரியாவோட மேல்சவ்வ தாக்கும், அந்த இரும்பு உள்ள போயி ஆக்சிஜனோட சேர்ந்து ரேடிக்கல்னு சொல்ற, எதையும் தாக்குற ரொம்ப காட்டமான துகள்கள உண்டாக்கி புரதம், டிஎன்ஏ எல்லாத்தயும் சிதைக்கும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அடி விழுறதால கிருமிக்கு தப்பிக்க வழி கம்மி. கீத் மோரிசன், ராஜீவ் மிஸ்ரா, லிண்டா வில்லியம்ஸ் மூணு பேரும் 2016-ல எழுதின ஆராய்ச்சி இது. இந்த இரும்பு துருப்பிடிக்காத நெலமைல இருக்கணும், அது முக்கியம். காத்து பட்டு துருவேறிப் போனா வீரியம் போயிடும், அந்த ஆரகன் சுரங்கத்துலயே நீலமா இருக்கற பகுதி கொல்லும், மேல துருவேறி செவந்து போன பகுதி கொல்லாது. ஒரே மலை, சில அடி தள்ளி தோண்டினா வேற பலன். புத்துமண்ணு பெரும்பாலும் செம்மண்ணு தான், அதுல இருக்கற இரும்பு எப்பவோ துருவேறினது.

செம்பவாங் தாத்தா:
கயலம்மா, செல்வன் தம்பி சொன்னது அத்தனையும் சரி, ஆனா ஒண்ணு சேத்துக்கறேன், மாமாவ ரொம்ப கடிஞ்சு பேசிடாதம்மா. எனக்கு வயசு எழுபத தாண்டிடுச்சு, நான் வளந்தது செம்பவாங்ல நேவல் பேஸ் லைன் வீட்ல. கன்னத்துல பொன்னுக்கு வீங்கின்னு வந்துச்சுன்னா எங்க பாட்டி நாமக்கட்டிய கல்லுல ஒரசி, வழவழன்னு சந்தனம் மாதிரி எடுத்து வீக்கத்து மேல தடவி விடுவாங்க. காயக் காய தோலு இறுகும், ஜில்லுன்னு இருக்கும், அந்த சுகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. அது கிருமிய கொன்னுச்சான்னா இல்ல, பொன்னுக்கு வீங்கி வைரஸ், அது தானா போகும். ஆனா வலி கொறஞ்சது நெசம்.

நாமக்கட்டி ஒண்ணும் கண்ட மண்ணு இல்ல. திருவண்ணாமலை மாவட்டத்துல ஜடேரினு ஒரு கிராமம், அங்க வெள்ளக் களிமண்ண தண்ணில கரைச்சு, மணலும் கல்லும் அடில தங்க விட்டு, நைஸான வண்டல மட்டும் எடுத்து காயவச்சு கட்டியா செய்றாங்க, 2023-ல அதுக்கு புவிசார் குறியீடே குடுத்தாங்க. அதே மாதிரி அக்கி வந்தா ஊர்ல வேளார் வீட்டுக்கு கூட்டிட்டு போவாங்க, மண்பானை செய்றவரு செங்காவிய கொழைச்சு கோழி இறகால கொப்புளத்த சுத்தி எழுதுவாரு. எங்க பெரியப்பாவுக்கு முதுகுல எழுதினத நான் பாத்திருக்கேன், எரிச்சல்ல துடிச்ச மனுஷன் அன்னிக்கு ராத்திரி தான் தூங்கினாரு.

அதுக்காக இன்னிக்கும் அக்கிக்கு காவி போதும்னு சொல்ல மாட்டேன். அது சின்னம்மை வைரஸ் திரும்ப எழும்புறது, மாத்திரைய கொப்புளம் வந்த மூணு நாளுக்குள்ள ஆரம்பிச்சா தான் நல்ல பலன், கண்ணு பக்கத்துல வந்தா பார்வைக்கே ஆபத்து. இங்க சிங்கப்பூர்ல 60 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு அக்கி தடுப்பூசிக்கு இப்ப அரசாங்கம் சலுகை குடுக்குது, நான் அரசாங்க பாலிகிளினிக்ல போட்டுக்கிட்டேன், உங்கம்மாவுக்கும் கேட்டுப் பாரும்மா. சரி இப்ப புண்ணு விஷயம். எங்க பாட்டி வீக்கத்துக்கு தடவினாங்க, வாய் தொறந்த ரணத்துல வச்சத நான் ஒரு நாளும் பாத்ததில்ல. அந்த வித்தியாசம் அந்தக் காலத்து ஆளுங்களுக்கே தெரியும், மாமாகிட்ட இத நான் சொன்னேன்னு சொல்லு.

யீஷூன் கயல்:
தாத்தா, செல்வன் அண்ணே, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவுக்கு படிச்சுக் காட்டினேன், அந்த ரெண்டு பச்சைக் களிமண்ணு கதைல அவங்க முகமே மாறிடுச்சு. ஆனா இப்ப புதுசா ஒரு கேள்வி கேக்குறாங்க, மண்ணுல கெட்ட கிருமி இருக்கும்னா அத வறுத்துட்டு போட்டா என்ன? இரும்புச்சட்டில நல்லா வறுத்துடலாமே, இல்ல கொதிக்க வச்சா போதாதாங்கறாங்க. இதுக்கு என்ன பதில் சொல்றது?

தாதி மலர்:
கயல், நான் ஆஸ்பத்திரில புண்ணு பாக்குற பிரிவுல நர்ஸ். உங்க கேள்விக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு. நீங்க எழுதினதுல என்னய பதற வச்சது மண்ணு இல்ல, வலி சுத்தமா இல்லைங்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது. சக்கரைல கால் நரம்பு மரத்துப் போனா தான் தொறந்த புண்ணு வலிக்காது. ஓரத்துல வெள்ளையா தடிச்ச தோலுன்னு சொன்னீங்களே, அந்த இடத்துல தொடர்ந்து அழுத்தம் விழுதுன்னு அர்த்தம். அவங்க நடக்குற ஒவ்வொரு அடியும் அந்தப் புண்ண மறுபடி மறுபடி நசுக்குது, வலிக்காததால அவங்களும் நடந்துட்டே இருக்காங்க. மண்ணு இல்ல, அமிர்தமே தடவினாலும் அழுத்தம் குறையாம அது ஆறாது.

அதனால நாளைக்கே பாலிகிளினிக். அங்க ஒரு மெல்லிசான நைலான் இழையால பாதத்துல தொட்டுப் பாப்பாங்க, 10 கிராம் அழுத்தத்துல வளையற இழை அது, தொடுறது தெரியலைன்னா நரம்பு போயிருக்குன்னு புரியும். ரத்த ஓட்டம் பாப்பாங்க, தடிச்ச தோல சீவி எடுப்பாங்க, பாதத்துக்கு மெத்தை வச்ச செருப்பு இல்ல கட்டு ஏற்பாடு பண்ணுவாங்க. சுத்தி செவந்து பரவுனாலோ, வாடை வந்தாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் குளிர் வந்தாலோ பாலிகிளினிக் தொறக்குற வரைக்கும் காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு (ஏ அண்ட் இ) போங்க.

இப்ப வறுக்கற கேள்வி. டீச்சர் நல்லா யோசிச்சிருக்காங்க, அதனால முழுசா சொல்றேன். மண்ணுல இருக்கற டெட்டனஸ் கிருமி விதை மாதிரி ஒரு ஓடு போட்டுக்கிட்டு தூங்கும், கொதிக்கற தண்ணில போட்டாலும் சாகாது. ஆஸ்பத்திரில ஆட்டோகிளேவ்ல நீராவி அழுத்தத்துல 121 டிகிரி வச்சு தான் கொல்றோம், வெறும் சூடுன்னா 160 டிகிரில ரெண்டு மணி நேரம் வேணும். அடுப்புல சட்டில வறுக்கும்போது அடில கருகும், நடுவுல கட்டியா இருக்கற மண்ணு எவ்வளவு சூடாச்சுன்னு யாருக்கும் தெரியாது.

இன்னொண்ணும் இருக்கு, இது நம்ம ஊரு ஆபத்து. மெலியாய்டோசிஸ்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? மண்ணுலயும் தேங்கின தண்ணிலயும் இருக்கற ஒரு பாக்டீரியாவால வர்ற நோய், 1911 வாக்குல ரங்கூன்ல ஆல்ஃபிரட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும் சேர்ந்து கண்டுபிடிச்சாங்க. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, இந்தியா எல்லா எடத்துலயும் இருக்கு, பெருமழைக்கு அப்பறம் கேஸ் கூடும். அந்தக் கிருமி தோல்ல இருக்கற காயம் வழியாவே உள்ள போகும், யாருக்கு அதிகமா வரும் தெரியுமா, சக்கரைக்காரங்களுக்கு. ரத்தத்துல பரவிட்டா உயிருக்கே ஆபத்து, குறைஞ்சது பத்து நாளாவது ஊசி மருந்து, அப்பறம் மூணு மாசம் மாத்திரை. பென்சிலின் இதுகிட்ட வேலைக்கே ஆகாது. சக்கரை உள்ளவங்க தொட்டில செடி வச்சா கூட கையுறை போட்டுக்கங்கன்னு நாங்க சொல்றோம், அவங்க கால் புண்ணு மேலயே மண்ண வச்சு கட்டுறதுன்னா நெனச்சுப் பாருங்க. தயவு செஞ்சு வேணாம்.

தெம்பனிஸ் மணிவண்ணன்:
எல்லாரும் முன்னோர் முன்னோர்னு சொல்றீங்களே, அந்தப் பழைய ஆளுங்க எப்படி மண்ண எடுத்தாங்கங்கறத நான் கொஞ்சம் சொல்றேன், வரலாறு எனக்கு உயிரு.

கிரேக்க நாட்டுல லெம்னோஸ்னு ஒரு தீவு. அங்க ஒரே ஒரு குன்றுலேர்ந்து எடுக்கற மண்ணு தான் பழைய உலகத்துலயே பேர் போன மருந்து. கேலன்னு ஒரு வைத்தியர், ரோம சக்கரவர்த்திக்கே வைத்தியம் பாத்தவரு, இரண்டாம் நூற்றாண்டு. அவருக்கு முன்னாடி டயஸ்கோரிடீஸ்னு ஒருத்தர் அந்த மண்ணுல ஆட்டு ரத்தம் கலக்குறாங்கன்னு எழுதி வச்சிருந்தாரு. கேலன் படிச்சத அப்படியே நம்பல, கப்பலேறி லெம்னோஸுக்கே போயிட்டாரு! அங்க பெண் பூசாரி ஒருத்தங்க வந்து தரைல கோதுமையும் பார்லியும் தூவி சடங்கு செஞ்சு, ஒரு வண்டி மண்ண ஊருக்குள்ள கொண்டு போயி தண்ணில கரைச்சு கலக்கி தெளிய விட்டாங்க. மேல வர்றத ஒதுக்கிட்டு, அடில தங்குற கல்லு மணலையும் தள்ளிட்டு, நடுவுல கொழகொழன்னு இருக்கறத மட்டும் எடுத்து, மெழுகு பதத்துக்கு வந்ததும் சின்ன சின்ன வில்லையாக்கி ஆர்ட்டெமிஸ் தெய்வத்தோட முத்திரைய குத்தி நெழல்ல காய வச்சாங்க. ஆட்டு ரத்தம் கலப்பீங்களான்னு கேட்டதுக்கு சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்களாம். கேலன் 20,000 வில்லை வாங்கிட்டு வந்தாரு. நம்ம தாத்தா ஜடேரி நாமக்கட்டி பத்தி சொன்னாரே, அந்த வேலையும் இதுவும் எவ்வளவு ஒத்துப் போகுது பாருங்க, படிச்சப்ப எனக்கு சிலிர்த்துடுச்சு.

அப்போ அந்த முத்திரை எதுக்கு? இந்தக் குன்று, இந்த ஆளு, இந்த முறை, இதுக்கு நாங்க பொறுப்புங்கறதுக்கு தான். பின்னாடி துருக்கி சுல்தான் ஆட்சிலயும் வருஷத்துல ஒரே நாள், ஆகஸ்ட் 6, அன்னிக்கு மட்டும் தான் தோண்ட விடுவாங்க. கெராக்கி கூடினதும் மால்டா மண்ணு, சைலீசியா மண்ணுன்னு ஐரோப்பா பூரா முத்திரை மண்ணு கெளம்பிடுச்சு, போலியும் சேர்ந்து கெளம்பிடுச்சு. 1581-ல ஜெர்மனில ஹோஹென்லோஹேங்கற பகுதில தூக்கு தண்டனை விதிச்ச ஒரு திருடன், எனக்கு விஷம் குடுத்து இந்த மண்ண சோதிச்சுப் பாருங்கன்னு அவனே கேட்டு, பாதரச விஷத்த முழுங்கி, உடனே சைலீசியா மண்ண திராட்சை ரசத்துல கலந்து குடிச்சு, வேதனைல துடிச்சு, பொழைச்சுக்கிட்டான். இத ஆவணத்துல எழுதியே வச்சிருக்காங்க.

இன்னும் சுவாரசியம் 2020-ல வந்துச்சு. சுவிட்சர்லாந்துல பாசல் பல்கலைக்கழகத்து மருந்தியல் அருங்காட்சியகத்துல 16-ஆம் நூற்றாண்டு லெம்னோஸ் வில்லை ஒண்ணு இருக்கு, அத கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து எஃபி ஃபோட்டோஸ் ஜோன்ஸ் குழு துருவிப் பாத்தாங்க. பாக்டீரியாவ தடுக்கற சக்தி அதுல இன்னும் இருந்துச்சு! ஆனா அந்த சக்தி வெறும் கனிமத்துனால மட்டும் வந்த மாதிரி தெரியல, டலரோமைசஸ்ங்கற பூஞ்சையோட தடயமும் அது உண்டாக்குற பொருளும் உள்ள இருந்துச்சு. அப்போ அந்த ஊறப்போடுற வேலைல தான் ஏதோ நடந்திருக்குன்னு நான் நெனைக்கிறேன். செல்வன் அண்ணே, இது பத்தி நீங்க சொல்லணும்.

ஆய்வகச் செல்வன்:
மணி, சூப்பரா எழுதியிருக்கீங்க. ஆமா, மண்ணு ரெண்டு விதமா கிருமிய கொல்லும், இத பிரிச்சுப் பாக்கணும். ஒண்ணு நான் மேல சொன்ன ரசாயன வழி. அந்த பிரெஞ்சு பச்சைக் களிமண்ண 550 டிகிரில சூடு பண்ணதுக்கப்பறமும் அது கொன்னுச்சு, 900 டிகிரிக்கு போனப்ப தான் சக்தி போச்சு. உயிருள்ளது எதுவும் 550 டிகிரி தாங்காது, அப்போ அது கனிமத்தோட வேலை தான்.

ஜோர்டான் நாட்டு செம்மண்ணு இதுக்கு நேர் எதிரு. அங்க தோல் நோய்க்கு, டயப்பர் புண்ணுக்கு ஒரு செம்மண்ண பரம்பரையா தடவுறாங்க. 2009-ல சோதிச்சப்ப அந்த மண்ணுல விட்ட கெட்ட கிருமி செத்துச்சு, ஆனா மண்ண ஸ்டெரிலைஸ் பண்ணிட்டு விட்டா சாகல. ஏன்னா அந்த மண்ணுல வாழுற வேற பாக்டீரியா தான் ஆன்டிபயாடிக் சுரந்து கொன்னிருக்கு. அப்போ கயல் அம்மாவோட கேள்விக்கு இன்னொரு பதிலும் இதுல இருக்கு, இந்த வகை மண்ணுன்னா வறுத்தா கிருமியோட சேர்ந்து மருந்தும் போயிடும்.

வட அயர்லாந்துலயும் இதே கத. போஹோங்கற ஊர்ல ஒரு தேவாலய மண்ண துணில முடிஞ்சு தலகாணிக்கு கீழ வச்சு படுப்பாங்க, பல்வலி போகும்னு நம்பிக்கை. 2018-ல அந்த மண்ணுலேர்ந்து புதுசா ஒரு ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியாவ பிரிச்சு எடுத்தாங்க, அது எம்ஆர்எஸ்ஏ வளர்ச்சிய தடுத்துச்சு. ரொம்ப பக்கத்துல, நம்ம போர்னியோவுலேர்ந்து 1950-கள்ல ஒரு மிஷனரி அனுப்பின மண்ணுலேர்ந்து வந்தது தான் வான்கோமைசின்ங்கற ஆன்டிபயாடிக், 1958-ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. மலர் அக்காவுக்கு தெரியும், இன்னிக்கும் எம்ஆர்எஸ்ஏ வந்தா மொதல்ல கை போற மருந்துல அதுவும் ஒண்ணு. போர்னியோ மண்ணுலேர்ந்து வந்துச்சுங்கறதுக்காக போர்னியோ மண்ண யாரும் புண்ணுல அப்பலயே! பிரிச்சு, சுத்தம் பண்ணி, அளவு பாத்து, ஊசியா குடுக்குறோம்.

தாதி மலர்:
ஆமா செல்வன், வான்கோமைசின் டிரிப் எங்க வார்டுல வாடிக்கையான விஷயம். களிமண்ணும் ஆஸ்பத்திரிக்குள்ள வந்துடுச்சு தெரியுமா? கயோலின் தடவின காஸ் துணி இருக்கு, கொட்டுற ரத்தத்த நிறுத்த, அமெரிக்க ராணுவத்துல பயன்படுத்துறாங்க. களிமண்ணு பட்டதும் ரத்தம் உறையற வேலை சீக்கிரம் தொடங்கிடும். வயித்துப்போக்குக்கு ஃபார்மசில கிடைக்கற ஸ்மெக்டா பொடியும் களிமண்ணு தான். ரெண்டும் சுத்தம் பண்ணி, சோதிச்சு, அளவு போட்டு வர்றது. புண்ணுக்கு கிருமி கொல்ற கட்டு வேணும்னா வெள்ளி சேர்த்தது, அயோடின் சேர்த்தது, மெடிக்கல் தேன் சேர்த்தது எல்லாம் எங்ககிட்ட இருக்கு. தேன கூட கதிர்வீச்சுல கிருமி நீக்கிட்டு தான் வைக்கிறோம், முஸ்தஃபா கடைல வாங்கின பாட்டில் தேன ஊத்த மாட்டோம். டீச்சர் அம்மாவுக்கு இயற்கை மருந்து மேல பிரியம்னா நர்ஸ்கிட்ட மெடிக்கல் தேன் பத்தி கேக்கச் சொல்லுங்க, அந்தப் புண்ணுக்கு ஒத்து வருமான்னு அவங்க பாத்து சொல்வாங்க.

யீஷூன் கயல்:
அக்கா, அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு, நாளைக்கு காலைல முதல் ஸ்லாட். அந்த மெத்தை செருப்பு விஷயத்த கேட்டதும் அம்மா இப்பவே நடமாட்டத்த கொறைச்சுட்டாங்க. பொட்டலத்த என்ன பண்றதுன்னு கேட்டேன், துளசிக்கும் போட வேணாம் கட்டி வையி, நான் கைல தொடல போதுமான்னாங்க. மாமாவுக்கு அம்மாவே போன் போட்டு லெம்னோஸ் கதைய சொல்லிட்டு இருக்காங்க. கடைசியா ஒரு கேள்வி, செல்வன் அண்ணே, அவ்வளவு நல்லா கொல்லுதுன்னா ஏன் இன்னும் ஒரு டியூப்ல அடைச்சு கடைல விக்கல?

ஆய்வகச் செல்வன்:
மருந்துன்னா ஒவ்வொரு டியூப்லயும் ஒரே அளவு வீரியம் இருக்கணும், மண்ணுல அது முடியல, அதான் பெரிய தடை. தோண்டுற எடம் மாறினா மாறுது, காத்து பட்டா மாறுது. அதோட இரும்பும் அலுமினியமும் பாக்டீரியாவ தாக்குற அளவுக்கும் நம்ம புதுத் தோல் வளர்ற செல்ல தாக்குற அளவுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்குன்னு ஒவ்வொரு மண்ணுக்கும் தனியா பாக்கணும். ஆர்செனிக், ஈயம் மாதிரி வேண்டாததும் கூட வரும். அதனால தான் அரிசோனா குழு, மண்ண அப்படியே விக்கறத விட, எந்த ரசாயனம் கொல்லுதுன்னு புரிஞ்சுக்கிட்டு அதே மாதிரி லேப்ல வடிவமைக்கணும்னு பாக்குறாங்க. எனக்கு இதுல பெரிய நம்பிக்கை இருக்கு. ஆன்டிபயாடிக் ஒண்ணொண்ணா தோத்துட்டு வர்ற காலம் இது, ஒரே நேரத்துல பல எடத்துல அடிக்கற ஒரு மேல்பூச்சு மருந்து கிடைச்சா எத்தனை பேரோட கால காப்பாத்தலாம்.

உட்லண்ட்ஸ் பிரியா:
குறுக்க வர்றேன் மன்னிக்கணும், தேக்காவுல முல்தானி மட்டி பாக்கெட் வாங்கி வாரா வாரம் முகத்துக்கு போடுறேன், பரு கொறையுற மாதிரி இருக்கு. இதெல்லாம் படிச்சதுக்கு அப்பறம் போடலாமா வேணாமான்னு கொழப்பமா இருக்கு, வீட்ல கைக்குழந்தையும் இருக்கான்.

ஆய்வகச் செல்வன்:
பிரியா, முல்தானி மட்டி எண்ணெய உறிஞ்சுறதுல கெட்டிக்காரன், பரு கொறையுற மாதிரி தெரியறது அதனால தான், கிருமிய கொல்லுதுன்னு எடுத்துக்காதீங்க. தோல் கிழியாத முகத்துல போட்டு, முழுசா காஞ்சு வெடிக்கறதுக்கு முன்னாடி கழுவிட்டா பெருசா பயம் இல்ல. உடைஞ்ச பரு மேல போடாதீங்க. குழந்தைக்கு தடவவோ, வாய்ல படவோ விடவே கூடாது, 2016-ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு துறை கடைல வித்த பென்டோனைட் களிமண் பொடில ஈயம் அதிகமா இருக்குன்னு ரெண்டு தடவ எச்சரிக்கை விட்டுச்சு. பேர் இல்லாத உதிரி பொடி வாங்காதீங்க, பாக்கெட்ல தயாரிச்சவங்க விலாசமும் பேட்ச் நம்பரும் இருக்கான்னு பாருங்க, கலக்கும்போது தூசி பறக்காம பாத்துக்கங்க, டப்பாவ அவன் கைக்கு எட்டாத எடத்துல வைங்க.